நன்னெறி வகுப்பு முடிந்ததும் அடிதடி: நான்காம் வகுப்பு ஆசிரியைக்கு ஒரு பதில்

கேள்வி: தண்டையார்பேட்டை பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். 34 பிள்ளைகள். வாரத்துக்கு ஒரு நன்னெறி வகுப்பு, 40 நிமிடம். குறள் ஒப்பிக்கிறார்கள், கதை கேட்கிறார்கள், கை தட்டுகிறார்கள். மணி அடித்ததும் தண்ணீர்க் குழாயில் தள்ளுமுள்ளு. காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பெண் பிள்ளையின் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்கள், ‘மீன் நாத்தம் மிஸ்’ என்று. ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்குப் பெயரே ‘இந்தி’ என்று ஆகிவிட்டது. வகுப்பு லீடராக இருக்கும் பிள்ளை மற்றவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவதில் தினமும் ஒரு அழுகை. பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினால், ‘அடிச்சா திருப்பி அடின்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்’ என்கிறார்கள். இந்த 40 நிமிடத்தில் எதை நடத்தினால் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் மதிப்பார்கள்?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த 40 நிமிடத்தில் எதை நடத்தினாலும் பெரிதாக மாறாது. உங்கள் நன்னெறி வகுப்பில் குறை இருப்பதாக நினைக்கவில்லை. வாரத்தில் மீதி இருக்கும் அத்தனை மணி நேரமும் பள்ளிக்கூடம் வேறொரு பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறது. தண்ணீர், உட்காரும் இடம், விளையாட்டுப் பந்து, மிஸ்ஸின் கவனம் ஆகிய நான்கும் எல்லாருக்கும் பொது. அவை யாருக்கு முதலில் போகின்றன, யாருக்குப் போகாமலே நிற்கின்றன என்பதைப் பார்த்துத்தான் பிள்ளை மரியாதையைக் கற்கிறது. அதனால் குழாயிலிருந்து தொடங்குவோம்.

உங்கள் பள்ளியில் எத்தனை குழாய் என்று எழுதவில்லை. நான்கு இருக்கிறது, அதில் இரண்டு வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் 120 பிள்ளைகள். ஒரு பிள்ளை குடித்துவிட்டு நகர 25 விநாடி. குழாய்க்கு 60 பேர் என்றால் 1,500 விநாடி, அதாவது 25 நிமிடம் வேண்டும். இடைவேளை 10 நிமிடம். அந்த நேரத்தில் 48 பேர்தான் குடிக்க முடியும். மீதி 72 பேருக்குத் தண்ணீர் இல்லை. வரிசையில் பொறுமையாக நின்ற பிள்ளை தாகத்தோடு வகுப்புக்குத் திரும்புகிறது, தள்ளிக்கொண்டு போனவன் குடித்துவிட்டு வருகிறான். இது தினமும் நடக்கும்போது ‘பொறுத்தார் பூமியாள்வார்’ என்று யார் சொன்னாலும் பிள்ளை நம்பாது. நம்பாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனமும்.

இந்தக் கணக்கை நீங்கள் போட்டுச் சொல்ல வேண்டாம். பிள்ளைகளைப் போட வையுங்கள். நான்காம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் இதற்குப் போதும். இரண்டு ஜோடிகளைக் குழாய் அருகில் நிறுத்தி, செல்போன் ஸ்டாப்வாட்ச்சில் பத்துப் பேருக்கு ஆகும் நேரத்தை எடுத்துச் சராசரி பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பள்ளியின் உண்மை எண்கள் கிடைக்கும். பிறகு எதை மாற்றலாம் என்று கேளுங்கள். அனேகமாக மூன்று வழி வரும்: பழுதான குழாயைச் சரி செய்வது, இடைவேளையை இரண்டாகப் பிரிப்பது, பாட்டிலை வகுப்பு தொடங்கும் முன்பே நிரப்பிக்கொள்வது. நான்கு குழாயும் ஓடி, 60 பேராகப் பிரித்து விட்டால் குழாய்க்கு 15 பேர், ஆறேகால் நிமிடம். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒன்று, இரண்டாம் வகுப்புகளைப் பத்து நிமிடம் முன்னதாக விடுவதற்குத் தலைமையாசிரியரின் ஒரு சம்மதம் போதும், செலவில்லை. குழாய் முன்னால் தரையில் ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பாதத் தடம் வரைந்துவிடுங்கள். சாக்பீஸில் வரைந்தால் ஈரத்தில் ஒரே நாளில் போய்விடும், வெள்ளை பெயிண்ட் வேண்டும். ‘வரிசையா நில்லுங்க’ என்று கத்துவதைவிடத் தடம் நன்றாக வேலை செய்யும்.

பழுதான குழாய்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் மிக நல்ல குடிமையியல் பாடம். நான்காம் வகுப்புச் சமூக அறிவியலில் நகராட்சி, மாநகராட்சி பற்றி வருகிறது. சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது என்று மனப்பாடம் செய்வார்கள். ஆனால் தங்கள் பள்ளி எந்த மண்டலத்தில், எந்த வார்டில் இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். 2011 விரிவாக்கத்தில் மாநகராட்சி 15 மண்டலம், 200 வார்டாகப் பிரிக்கப்பட்டது. அதன்படி வட சென்னைப் பக்கம் 1 திருவொற்றியூர், 2 மணலி, 3 மாதவரம், 4 தண்டையார்பேட்டை, 5 இராயபுரம், 6 திரு.வி.க. நகர். தங்கள் வார்டு எண்ணை வீட்டில் கேட்டு வருவதை ஒரு நாள் வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். அடுத்த நாள் எல்லாரும் சேர்ந்து ஒரு மனு எழுதட்டும். ஐந்து வரி போதும்: யாருக்கு, எது பழுது, எந்தத் தேதியிலிருந்து, அதனால் எத்தனை பேருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை (கணக்கு இருக்கிறதே), என்ன செய்து தர வேண்டும். கீழே 34 கையெழுத்து.

மனு முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போகட்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அவர்களில் பலருடைய பிள்ளைகளும் அதே குழாயில்தான் குடிக்கிறார்கள். தெருவிளக்கு, வாசலில் குப்பை போன்றவற்றுக்கு மாநகராட்சியின் 1913 எண் இருக்கிறது. அழைப்பது பெரியவர்கள் வேலை, புகார் எண்ணைச் சுவரில் எழுதி வைப்பது பிள்ளைகள் வேலை. இதில் எங்கே சொதப்பும் என்றால், பதில் வராத இடத்தில். எழுதும் அன்றே, ‘உடனே நடக்காது, இரண்டு வாரம் பார்ப்போம், வரவில்லை என்றால் நினைவூட்டல் எழுதுவோம்’ என்று சொல்லி, அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். சொல்லாமல் விட்டால், மனு எழுதினால் ஒன்றும் நடக்காது என்பதைத்தான் நீங்கள் கற்றுக்கொடுத்ததாக ஆகும்.

அடுத்து லீடர். போர்டில் பெயர் எழுதும் வழக்கத்தை நாளைக்கே நிறுத்துங்கள், படிப்படியாக வேண்டாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இன்னொரு ஒன்பது வயதுப் பிள்ளையைத் தண்டனைக்கு அனுப்பும் அதிகாரத்தைக் கொடுத்தால், அது கைநீட்டி லஞ்சம் வாங்கக் கற்றுக்கொள்ளும். ரப்பர் கொடுத்தவன் பெயர் அழியும், கொடுக்காதவன் பெயருக்குப் பக்கத்தில் மூன்று பெருக்கல் குறி விழும். உங்கள் வகுப்பில் அழுகிறவர்கள் யார் என்று ஒரு வாரம் பார்த்தால் தெரியும். லீடரின் நண்பர்கள் அதில் இருக்க மாட்டார்கள்.

அதற்குப் பதிலாக வேலைச் சுற்று வையுங்கள். 34 பேர் என்றால் 17 ஜோடி. வகுப்பில் ஆறு வேலை பிரிக்கலாம்: கரும்பலகை துடைப்பது, நோட்டு வாங்கி அடுக்குவது, செருப்பு வரிசை, புத்தக மூலை, மின்விசிறியும் ஜன்னலும், கடைசி மணிக்கு முன் வகுப்பைப் பெருக்குவது. வாரத்துக்கு ஆறு ஜோடி, மூன்று வாரத்தில் எல்லாருக்கும் ஒரு முறை வந்துவிடும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு ஜோடியும் அடுத்த வேலைக்கு நகர வேண்டும். ஜோடியை நீங்களும் தேர்ந்தெடுக்காதீர்கள், பிள்ளைகளும் தேர்ந்தெடுக்க வேண்டாம். பெயரின் அகர வரிசையில் போடுங்கள். பல பள்ளிகளின் வருகைப் பதிவேட்டில் பையன்கள் பெயர் முதலிலும் பெண் பிள்ளைகள் பெயர் அதற்குக் கீழும் இருக்கும். அந்த வரிசையை அப்படியே எடுத்தால் துடைப்பம் ஒரு பக்கமே போய்ச் சேரும். இருவரையும் கலந்து புதிதாக ஒரு அகர வரிசைப் பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள்.

‘நல்லா பெருக்குவா’ என்று ஒரு பெண் பிள்ளையையே திரும்பத் திரும்பக் கூப்பிடுவதும், கனமான எதையும் தூக்கப் பையன்களையே கூப்பிடுவதும் இந்தச் சுற்றை ஒரே மாதத்தில் கெடுத்துவிடும். யார் வீட்டில் யார் துப்புரவு வேலைக்குப் போகிறார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை கையில் துடைப்பம் மட்டும் இரண்டு முறை சேர்ந்தாற்போல் வந்தால் வகுப்பு அதைக் கவனிக்கும். கழிவறை கழுவுவது இந்தப் பட்டியலில் வரவே கூடாது. பிள்ளைகளை அதைச் செய்ய வைத்த ஆசிரியர்கள் மீது தமிழ்நாட்டில் வழக்குப் பதிவாகியிருக்கிறது. வழக்குக்குப் பயந்து மட்டுமல்ல, அந்த வேலைக்கு எப்போதும் எந்தப் பிள்ளைகள் அனுப்பப்படுகிறார்கள் என்பதை யோசித்தாலே காரணம் புரியும். பிள்ளைகள் செய்ய வேண்டியது, போய்விட்டு வந்ததும் ஒரு மக் தண்ணீர் ஊற்றுவது. அதற்கு வாளியில் தண்ணீரும் மக்கும் இருக்கிறதா என்று பார்ப்பது பெரியவர்கள் வேலை.

இனி காசிமேட்டுப் பிள்ளை. இங்கே செய்யக் கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அவளைத் தனியாகக் கூப்பிட்டு ‘நல்லா குளிச்சிட்டு வா’ என்று சொல்லக் கூடாது. வகுப்பைப் பார்த்து ‘அவளும் உங்களை மாதிரிதானே, பாவம்’ என்று சொல்லக் கூடாது. பரிதாபம் அந்தப் பிள்ளையை இன்னும் தனியாக நிறுத்தும். ‘யார் இவ பக்கத்துல உக்காருவீங்க?’ என்று கை தூக்கச் சொல்வது எல்லாவற்றையும்விட மோசம். ஒரு கையும் எழாத அந்த ஐந்து விநாடியை அவள் மறக்க மாட்டாள்.

இடத்தை எல்லாருக்குமாக மாற்றுங்கள். இரண்டு பேர் உட்காரும் பெஞ்ச் என்றால், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திங்கட்கிழமை காலையில், இடது பக்கம் இருப்பவர் ஒரு பெஞ்ச் முன்னால், வலது பக்கம் இருப்பவர் ஒரு பெஞ்ச் பின்னால். முதல் பெஞ்ச் இடது பிள்ளை கடைசிக்கும், கடைசி பெஞ்ச் வலது பிள்ளை முதலுக்கும் வரும். ஒவ்வொரு முறையும் எல்லாருக்கும் பக்கத்து ஆள் மாறும். ஒருவரை ஒதுக்க ஒரு காரணம் தேவைப்படாதது போல, சேர்க்கவும் ஒரு அறிவிப்பு தேவைப்படாது. கண் பார்வை, காது குறைவு உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. அதைக் காரணத்தோடு வகுப்பில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ‘மிஸ்ஸுக்குப் பிடிச்சவன்’ என்று பெயர் வரும். தரையில் வட்டமாக உட்காரும் வகுப்பு என்றாலும் இதே விதிதான். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலைப்படி பிரிக்கும் குழுக்களில் ஒரு எச்சரிக்கை: அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் பாடத்துக்கு மட்டும். ‘அரும்பு எல்லாம் இங்க வா’ என்று சாப்பாட்டு வரிசையிலும் கூப்பிட்டால், ‘நீ அரும்புதானே’ என்பது இரண்டு வாரத்தில் வசைச்சொல் ஆகிவிடும்.

மீன் வாடைக்கு அறிவியலில் பதில் இருக்கிறது. மீனில் உருவாகும் அமின் வகைப் பொருள் காரத்தன்மை உள்ளது, சோப்பும் காரம். அதனால் சோப்பு போட்டும் வாடை முழுதாகப் போகாது, புளிப்பு பட்டால் அடங்கும். மீன் கழுவும்போது புளியோ எலுமிச்சையோ தேய்ப்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். துணி அலசும் கடைசி வாளியில் அரை எலுமிச்சை பிழிந்தாலும் பலன் தெரியும். இதைப் பொதுவான செய்முறையாக வகுப்பில் காட்டலாம், அவளைப் பார்த்துச் சொல்லாமல். இன்னொன்று: சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட் சீருடை இலவசமாக வருகிறது. ஒரே அறையில் சமையல், படுக்கை, மீன் கூடை எல்லாம் இருக்கும் வீட்டில் அவை என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. விருப்பப்பட்டவர்கள் ஒரு செட்டைப் பள்ளி பீரோவில் வைத்துக்கொள்ளலாம் என்று எல்லா வீட்டுக்கும் சொல்லுங்கள், மழை நாளுக்கு என்று. அவள் வீட்டுக்கு மட்டும் சொல்லாதீர்கள்.

சமூக அறிவியலில் ஒரு வேலையும் கொடுக்கலாம். ஒரு கிலோ சங்கரா மீன் கடலிலிருந்து தட்டுக்கு வர எத்தனை பேர் கை பட வேண்டும்? படகில் போகிறவர், வலை பழுது பார்க்கிறவர், ஐஸ் உடைக்கிறவர், கூடை தூக்குகிறவர், ஏலம் விடுகிறவர், தெருவில் விற்கிற அம்மா, வெட்டித் தருகிறவர். இதேபோல் ஐசிஎஃப் ரயில் பெட்டிக்கு, கொடுங்கையூர் குப்பைக்கு, மின்ட் தெரு எவர்சில்வர் பாத்திரத்துக்கு என்று நான்கு குழுவாகப் பிரித்துவிடுங்கள். மீனை மட்டும் எடுத்தால் அது அவளைப் பற்றிய பாடமாகிவிடும். கொடுங்கையூரை எடுக்கும்போது கொஞ்சம் யோசித்துப் பேசுங்கள். ஊர்க் குப்பையெல்லாம் அங்கே வந்து கொட்டுகிறது, அங்கே குடியிருக்கும் பிள்ளையிடம் ‘சுத்தமாக இருக்கக் கற்றுக்கொள்’ என்று நாம் சொல்கிறோம்.

கடலோரக் குடும்பங்களைப் பற்றி இன்னொரு தகவல் உங்கள் மேசை டைரியில் இருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளி திறக்கிற ஜூன் முதல் வாரம்தான் அந்த வீடுகளில் கையில் காசே இல்லாத வாரம். நோட்டுக்கு அட்டை போடவில்லை, பென்சில் பாக்ஸ் இல்லை என்று அந்த வாரத்தில் எழுப்பி நிற்க வைத்தால் ஆண்டு முழுவதற்குமான முத்திரை அன்றே விழுந்துவிடும். ஜூன் கடைசிவரை பொருள் சோதனை வேண்டாம்.

ஒடிசாப் பையனுக்கு முதலில் அவன் பெயரைத் திருப்பிக் கொடுங்கள். அவன் வாயால் மூன்று முறை சொல்லக் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, வருகைப் பதிவின்போது சரியாக உச்சரியுங்கள். மிஸ் எப்படிக் கூப்பிடுகிறார்களோ வகுப்பும் அப்படித்தான் கூப்பிடும். அவன் வீட்டில் பேசுவது ஒடியாவாக இருக்கும், இந்தியாக இருக்காது. வகுப்பில் யார் வீட்டில் என்ன மொழி என்று ஒரு சார்ட் போடுங்கள். வட சென்னையில் 34 பேரில் தெலுங்கும் உருதும் அனேகமாக வரும், மார்வாடியும் வரலாம். அதுவரை அவன் ஒருத்தன்தான் வேற்று ஆள் என்று நினைத்த வகுப்பு, பத்துப் பேர் வீட்டில் வேறு மொழி இருப்பதைப் பார்க்கும். ஒன்று முதல் ஐந்துவரை ஒவ்வொரு மொழியிலும் எண்ணக் கற்கலாம். ஒடியாவில் ஏக, துயி, தினி, சாரி, பாஞ்ச. பிள்ளைகளுக்கு அவரவர் வீட்டு மொழி எண்களைச் சொல்லித்தருவதில் பெருமையும் உண்டு. அவனுக்குத் துணையாக ஒரு பிள்ளையைப் போடும்போது வாரா வாரம் மாற்றுங்கள். ஒரே பிள்ளை மாதக்கணக்கில் துணை இருந்தால் முதலாளி, வேலையாள் உறவு வந்துவிடும். பையைத் தூக்க வைப்பதில் அது முதலில் தெரியும்.

ஏரியா பெயரும் ‘போர்டு பசங்க’ (ஹவுசிங் போர்டு குடியிருப்புப் பிள்ளைகள்), ‘குப்பத்து ஆளுங்க’ என்கிற பேச்சும் எங்கிருந்து வருகிறது என்று தேடினால், சில நேரம் அலுவலக வேலையிலிருந்தே வரும். உதவித்தொகைப் படிவம் நிரப்பும் நாளில் எஸ்சி, எம்பிசி என்று கூப்பிட்டு வகுப்பில் கை தூக்கச் சொல்வது இன்னும் பல பள்ளிகளில் நடக்கிறது. அந்த விவரம் சேர்க்கைப் பதிவேட்டிலேயே இருக்கிறது, வகுப்பில் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. 2023இல் சக மாணவர்களே ஒரு பட்டியலின மாணவரை வீடு புகுந்து வெட்டிய நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையிலும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்ற பரிந்துரைகள் உண்டு. அது பெரிய வகுப்புப் பிள்ளைகளை வைத்து எழுந்த பிரச்சினை என்றாலும் விதை விழுவது மூன்றாம், நான்காம் வகுப்பில்தான்.

சாதி சொல்லித் திட்டுவதை சாதாரணச் சண்டைபோல ‘ரெண்டு பேரும் ஸாரி சொல்லுங்க’ என்று முடிக்கக் கூடாது. ‘இந்த வார்த்தை இந்த வகுப்பில் இல்லை’ என்று உடனே நிறுத்துங்கள். அந்த வார்த்தையை நீங்கள் திருப்பிச் சொல்லாதீர்கள். திட்டு வாங்கிய பிள்ளையை எல்லார் முன்னாலும் விசாரிக்காதீர்கள். சொன்ன பிள்ளை அதை வீட்டிலோ தெருவிலோ கேட்டிருக்கும், அர்த்தம் தெரிந்திருக்காது. தனியாகப் பேசி, இரண்டு வீட்டுக்கும் சொல்லி, தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

மற்றச் சண்டைகளுக்கு ஐந்து நிமிட முறை ஒன்று இருக்கிறது. இரண்டு பேரையும் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். மூச்சு இறங்கும்வரை கேள்வி வேண்டாம். வகுப்பின் மூலைக்குக் கூட்டிப்போய், ஆளுக்கு ஒரு நிமிடம், குறுக்கே பேசாமல். ‘ஏன் அடிச்ச?’ என்று கேட்காதீர்கள். ஏன் என்று கேட்டால் நியாயம் கட்டத் தொடங்குவார்கள். ‘நீ என்ன பண்ண? அத மட்டும் சொல்லு’ என்று கேளுங்கள். பிறகு, ‘இத இப்ப எப்படிச் சரி பண்ணலாம்?’ கிழிந்த நோட்டுக்குப் பக்கம் ஒட்டித் தருவது, கொட்டிய சாப்பாட்டுக்குத் தன் பங்கில் பாதி தருவது என்று அவர்களே சொல்வார்கள். கட்டாய ஸாரியும் கட்டாயக் கை குலுக்கலும் வேண்டாம், இரண்டும் பொய் சொல்லிப் பழக்கும். மறுநாள் ‘சரி பண்ணியாச்சா?’ என்று கேட்க மறக்காதீர்கள். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முறை உடைகிறது. ஒரே பிள்ளை ஒரே பிள்ளையிடம் திரும்பத் திரும்ப அடி வாங்கினால் அதற்குச் சமரசம் பயன்படாது. அங்கே அடிபடும் பிள்ளைக்குப் பாதுகாப்பு முதலில், அடிக்கும் பிள்ளைக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்பது அடுத்து. வீட்டில் அடி, பசி, வேறு ஏதாவது தெரியவந்தால் 1098 சிறார் உதவி எண்ணை அழைக்கத் தயங்காதீர்கள்.

‘திருப்பி அடி’ என்று சொல்லும் பெற்றோரிடம் அகிம்சை பேச வேண்டாம். தன் பிள்ளை அடிபட்டால் பள்ளி ஒன்றும் செய்யாது என்ற அனுபவத்திலிருந்து அவர்கள் சொல்கிறார்கள். பிள்ளை புகார் சொல்ல வந்தபோது ‘கோள் சொல்லாத, போய் உக்காரு’ என்று ஒரு முறையாவது நம்மில் யாராவது சொல்லியிருப்போம். அதனால் அவர்களிடம் ஒரு ஒப்பந்தமாகப் பேசுங்கள்: ‘பையன் சத்தமா நிறுத்துன்னு சொல்லட்டும், ரெண்டு அடி தள்ளி வரட்டும், என்கிட்ட வந்து சொல்லட்டும். அன்னைக்கே நான் விசாரிச்சு உங்களுக்குச் சொல்றேன்.’ சொன்னபடி அன்றே சொல்லுங்கள், இரண்டு முறை தவறினால் ஒப்பந்தம் போச்சு. கூட்டத்தைக் காலை ஒன்பது மணிக்கு வைத்தால் மீன் வேலைக்குப் போகிற அம்மாக்கள் வரவே முடியாது. விடியற்காலை ஏலம் முடிந்து, விற்றுவிட்டு வர நேரமாகும். பிற்பகலில், பிள்ளையைக் கூட்டிப்போக வரும் நேரத்தில் வையுங்கள்.

வகுப்பு விதி நான்கு போதும், அதையும் பிள்ளைகளிடமிருந்தே எடுங்கள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு: ‘போன வாரம் எது நடந்தபோது உனக்குக் கஷ்டமா இருந்துச்சு? யார் பேரும் வேண்டாம்.’ எழுத வராதவர் வரையட்டும். சீட்டுகளைத் தரையில் பரப்பி உடம்பு, பேச்சு, பொருள், முறை என்று நான்கு குவியலாகப் பிரித்து, குவியலுக்கு ஒரு விதி. ‘கூடாது’ என்று எழுதாமல், செய்ய வேண்டியதை எழுதுங்கள்: ‘ஒரு கை தூரம் விட்டு நிற்போம்’, ‘சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்’. அந்த இரண்டாவது விதி உங்களுக்கும் சேர்த்துத்தான். எருமை, சோம்பேறி எல்லாம் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்யும் மனத் துன்புறுத்தலில் வரும். அதே சமயம், பிள்ளைகள் தங்களுக்குள் ‘இன்னாடா’, ‘வாமே’ என்று பேசுவதை மரியாதைக் குறைவாக எண்ணித் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். அது அவர்கள் வீட்டுப் பேச்சு. விதி மீறினால் ஒரு ரூபாய் ஃபைன் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், காசு உள்ளவன் காசு கொடுத்து அடிப்பான். நன்னடத்தை ஸ்டாரும் வேண்டாம், மிஸ் பார்க்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக இருப்பதற்கு அது நல்ல பயிற்சி.

உங்கள் 40 நிமிடத்தை நான்காக உடையுங்கள். திங்கள் காலை பத்து நிமிடம் வட்டமாக உட்கார்ந்து வாரத்தின் வேலைச் சுற்றும் இட மாற்றமும். வெள்ளி பிற்பகல் பத்து நிமிடம், எந்த விதி இந்த வாரம் ஓடியது, எது ஓடவில்லை. நடுவில் இரண்டு பத்து நிமிடம் மனு, மொழிச் சார்ட் போன்ற வேலைகளுக்கு. குறளை எடுக்க வேண்டாம், அது தமிழ்ப் பாடத்திலேயே இருக்கட்டும்.

மாறுகிறதா என்பதை எண்ணித்தான் பார்க்க வேண்டும், ‘பரவாயில்லை, இப்போ அமைதியா இருக்காங்க’ என்பது கணக்கில் வராது. தொடங்கும் முன் ஐந்து நாள் குழாயடியில் எத்தனை தள்ளு என்று ஒரு தாளில் கோடு போடுங்கள். பள்ளியில் தரும் காலை உணவு முடிந்து முதல் மணி அடிக்கும்வரை ஆசிரியர் கண் இல்லாத இடைவெளி ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்து. ஒவ்வொரு பிள்ளையிடமும் ‘பக்கத்துல உக்கார உனக்குப் பிடிச்ச மூணு பேர்’ என்று ரகசியமாக எழுதி வாங்கி, யார் பெயர் ஒருவர் சீட்டிலும் வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் கழித்து இரண்டையும் திரும்பச் செய்யுங்கள். பெயரே வராத பிள்ளைகள் நான்கு பேர் இருந்த இடத்தில் ஒருவர் ஆனால் வேலை நடக்கிறது. அந்தச் சீட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள், வகுப்பு அலமாரியில் வைத்தால் பிள்ளைகள் கையில் கிடைத்து எல்லாம் பாழாகும்.

முதல் வாரம் குழாயும் போர்டில் பெயர் எழுதுவதை நிறுத்துவதும் மட்டும். இரண்டாம் வாரம் இட மாற்றமும் வேலைச் சுற்றும். விதிகள் மூன்றாம் வாரத்தில், அதற்குள் பிள்ளைகளுக்குச் சீட்டில் எழுத விஷயம் இருக்கும். நீங்கள் சிஆர்சி (குறுவள மைய) ஆசிரியர் பயிற்சிக்குப் போகிற நாளில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியருக்கு இது எதுவும் தெரியாது, பழையபடி ஒரு லீடரை எழுப்பிப் பெயர் எழுதச் சொல்வார். வேலைச் சுற்றுப் பட்டியலையும் ‘போர்டில் பெயர் எழுத வேண்டாம்’ என்ற ஒரு வரியையும் வருகைப் பதிவேட்டின் உள் அட்டையில் ஒட்டிவிட்டுப் போங்கள்.